மழபாடி மருத்துவன்

(பங்குனித் திங்களில், திருமழபாடி நந்தியெம்பெருமான் திருமண விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

கொள்ளிடத்தின் வடகரையில், மூவர் முதலிகளும் பாடிப் பரவிய இத்திருத்தலத்தில், நந்தியெம்பெருமானுக்குத் திருமணம் நிகழும் இந்நன்னாளில், உங்கள் முன் அமர்ந்து பேசும் பேற்றினை இறைவன் அடியேனுக்கு இவ்வாண்டும் அருளினான். 'இவ்வாண்டும்' என்னும் சொல்லை வழக்கத்திற்காகச் சொல்லவில்லை. அச்சொல்லின் பொருளைச் சென்ற ஏழு ஆண்டுகளாக நன்கு அறிந்தே சொல்லுகிறேன்.

இப்பெருமானுக்கு இங்கே வழங்கும் திருநாமம் யாது? வைத்தியநாதப் பெருமான். வச்சிரத் தம்பேசுவரர் என்றும் வழங்குவர். அம்மை சுந்தராம்பிகை. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதராக எழுந்தருளியிருப்பதை நாடெல்லாம் அறியும். நம் அரியலூர்ச் சீமையிலேயே அதே திருநாமத்தோடு ஒரு மருத்துவன் வீற்றிருக்கின்றான் என்பதை நம்மவரே சில வேளை மறந்துவிடுகின்றோம். சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கே அந்த மறதி நேர இருந்தது. அவர் திருவாலம்பொழிலில் துயின்றபோது பெருமான் கனவில் எழுந்தருளி, மழபாடியை மறந்து போனாயோ என்று வினவினான் என்கின்றது பெரிய புராணம். விழித்தெழுந்த சுவாமிகள் ஓடோடி இக்கரைக்கு வந்து பதிகம் பாடினார்.

இன்று நடைபெறும் திருமணத்தின் மாப்பிள்ளை யார் என்று சிந்தித்தீர்களா? 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்று நாம் பழமொழி சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வருகின்றோம். நல்லதே. ஆயின் இந்த மாப்பிள்ளையின் பிள்ளைப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். சிலாத முனிவர் அருந்தவம் இருந்து பெற்ற மகன் அவர். பெற்ற மகிழ்ச்சி தீருமுன்னரே, இப்பிள்ளைக்கு ஆயுள் குறைவு என்னும் சொல் தந்தையின் செவியில் விழுந்தது. அப்பிள்ளை திருவையாற்றுத் திருக்குளத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்தார். நீர்வாழ் உயிர்கள் அவர் உடம்பைத் தின்றன. உடம்பெல்லாம் புண்ணாகியும் அவர் தவத்தினின்று நீங்கவில்லை. பெருமான் எழுந்தருளி, ஐந்து வகை நீரால் ஆட்டிப் புண்களை ஆற்றி, தன் கணங்களுக்குத் தலைவனாக்கினான் என்பது தல புராணம். அந்த நந்திக்கே, ஐயாறப்பர் மணமகன் வீட்டாராய் உடன் எழுந்தருள, புலிக்கால் முனிவரின் செல்வியாகிய சுயசாம்பிகையை இங்கே மணம் முடித்து வைக்கின்றோம்.

இத்தலத்தோடு தொடர்புடைய இன்னொருவர் மார்க்கண்டேயர். அவர்பொருட்டுப் பெருமான் மழுவேந்தி ஆடியமையால் இவ்வூர் மழுவாடி எனப் பெயர் பெற்றதென்பர். அவருக்கும் பதினாறு ஆண்டே வாழ்நாள். ஆகவே, ஆயுளை எண்ணிக் கொடுக்கப் பெற்ற இரண்டு பிள்ளைகளின் நினைவு இம்மண்ணில் கலந்திருக்கின்றது. நாள் குறிக்கப் பெற்ற ஒருவருக்குத் திருமணம் செய்து மகிழும் ஊர் இது. நோயைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான இடம் அடியேனுக்குத் தெரியவில்லை. ஆதலின், திருமண நாளில் நோயைப் பற்றிப் பேசுகின்றானே என்று யாரும் மனம் சுளிக்க வேண்டா.

அடியேனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பல்லாண்டு உடனிருந்தன. ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குச் சென்றபோது வேளைக்கு உண்ணாமலும், மருந்தைத் தவறவிட்டும், கால்வலிக்கு எவர் எந்த மாத்திரை கொடுத்தாலும் வாங்கி விழுங்கியும் திரிந்தேன். இறுதியில் கால்கள் வீங்கின, மூச்சு முட்டியது, உண்ட உணவு குமட்டியது. மருத்துவர்கள் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தே ஆக வேண்டும் என்றனர். வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். கணக்கிட்டால் இதுவரை ஆயிரம் முறைக்கு மேல் அந்த எந்திரத்தின் அருகே படுத்திருக்கின்றேன். ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு பெரிய ஊசிகள். நேற்றுச் சென்று வந்தேன். நாளை செல்ல வேண்டும். இடையில் கிடைத்த ஒரு நாளில் உங்கள் முன் இருக்கின்றேன்.

விடியற்காலையில் அரியலூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் பேருந்தில் ஏறுவேன். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எதிரே வரும். மருத்துவமனையில் அடியேனுக்கு ஒரு பக்கத்தில் ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர். மறு பக்கத்தில் லாரி ஓட்டிப் பிழைத்த இளைஞர். எதிர்க்கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியை. நான்கு மணி நேரம் அசையாமல் கிடப்பவர்களுக்குப் பேச்சே துணை. ஒருநாள் அவ்விளைஞர் கேட்டார்:

"ஐயா, கோபித்துக் கொள்ளாதீர்கள். நீங்கள் சிறுவயது முதல் தேவாரம் பாடுகின்றவர். நெற்றி நிறையத் திருநீறு பூசுகின்றவர். உங்களுக்கே ஏன் இந்த நோய் வந்தது?"

அன்று அடியேனால் விடை கூற இயலவில்லை. பன்னிரண்டாம் வயதில் ஆசிரியரிடம் திருமுறை பாடங் கேட்கத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்தும், ஓர் இளைஞரின் வினாவுக்கு முன் ஊமையானேன். அவருக்குச் சொல்லத் தவறிய விடையைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல முயல்கின்றேன்.

அடியார்களே! நோயுற்றவர்களைப் பார்க்க வருபவர் பலரும் மறவாமல் சொல்லும் ஒரு சொல் உண்டு. 'என்ன வினையோ!' என்பது அது. வினைக் கொள்கை சைவத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அதை அடியேன் மறுக்கவில்லை. ஆயின் அதை எங்கே, எவர், எவரிடம் சொல்வது என்னும் முறை ஒன்று உண்டன்றோ? திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டுக்கு எழுந்தருளியபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர் சுரம் பற்றியது. 'இது உங்கள் பழவினை; அனுபவியுங்கள்' என்று பிள்ளையார் நடந்து போய்விடவில்லை. வினைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்து விடுபட வழி தேடாதிருப்பது நமக்கே குறை என்னும் கருத்துப்படத் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி, அவ்வூரையே அச்சுரம் அணுகாதவாறு காத்தருளினார். வினையைச் சொல்லி நோயாளியைக் குத்துவது சம்பந்தர் காட்டிய நெறியன்று. நோய் தனக்கு வந்தபோது, இது என்னைத் திருத்த வந்த அருள் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது பத்தி. அதையே கட்டிலில் கிடக்கும் மற்றொருவனைப் பார்த்துச் சொன்னால் அது கொடுமை.

நீலகண்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. பாற்கடலில் எழுந்த நஞ்சைப் பெருமான் என்ன செய்தான்? உமிழ்ந்திருந்தால் உலகம் அழியும். முழுதும் உள்ளே சென்றிருந்தால் அவனுள் அடங்கிய உயிர்கள் அழியும் என்று பெரியோர் உரைப்பர். கண்டத்திலே நிறுத்தினான். நஞ்சு இன்றும் அங்கேயே இருக்கின்றது. அது நீங்கவில்லை, ஆயின் கொல்லவும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவனுக்கு இப்புராணம் வெறுங்கதையன்று. எங்கள் உடம்பில் நாள்தோறும் கழிவு நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும். அதனை அடியோடு ஒழிக்கும் வழி இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதனைத் தடுத்து நிறுத்திக்கொண்டே வாழ வேண்டும். எந்திரத்தின் அருகே படுக்கும்போதெல்லாம் திருநீலகண்டத்தைத்தான் நினைக்கின்றேன்.

அந்த எந்திரம் செய்யும் தொழிலைச் சிறிது கூறுகிறேன். நம் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உண்டு. எந்திரம் நிமிடத்திற்கு 250 மில்லி லிட்டர் அளவில் அதனை இழுத்துத் தூய்மை செய்து திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர் ஆகின்றது. அஃதாவது, உடம்பிலுள்ள குருதி முழுதும் பன்னிரண்டு முறை வெளியே சென்று வலம் வந்து மீள்கின்றது. கோயிலை வலம் வர இயலாத அந்நாள்களில், 'என் குருதி வலம் வருகின்றது' என்று எண்ணி ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருப்பேன். இந்த எந்திரத்தை முதலில் ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ப். ஆண்டு 1943, பகைவர் படை அந்நாட்டைப் பிடித்திருந்த போர்க்காலம். செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி அதனை அமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் கைவிடவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ, தோல்விக்குமேல் தோல்வி கண்டும் சோராமல் உழைத்ததன் பயனை இன்று பெரம்பலூரில் ஒரு கட்டிலில் கிடந்து அடியேன் துய்க்கின்றேன். அவருக்கு அந்த அறிவையும் உறுதியையும் கொடுத்தவன் யார்? வைத்தியநாதன் என்னும் திருநாமத்திற்கு எல்லை கட்ட நாம் யார்?

இந்த உண்மையை அடியேன் எளிதில் உணர்ந்தேன் என்று எண்ணாதீர்கள். ஒரு பெரும் பிழை செய்தேன். அதனை இங்கே ஒப்புக்கொள்வதற்காகவே இப்பொருளை எடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் மூன்று நாள் தொடர் சொற்பொழிவு. பெரும் கூட்டம். சிகிச்சைக்குரிய நாள் குறுக்கே வந்தது. 'இறைவன் புகழைப் பேசும்போது அவன் பார்த்துக்கொள்ளான் என்றா?' என்று சொல்லிச் செல்லாமல் விட்டேன். அடுத்த முறையும் விட்டேன். என் இல்லாள் அழுது கேட்டாள். 'உனக்கு நம்பிக்கை போதாது' என்று அவளையே கடிந்தேன். மூன்றாம் நாள் இரவு, அப்பர் பெருமானின் சூலை நோய் தீர்ந்த பகுதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு வாங்க இயலாமல் மேடையில் சாய்ந்தேன். சிறுநீர் பிரியாத உடம்பில் தேங்கிய நீர் நுரையீரலில் ஏறிவிட்டது. பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இதயமே நின்றுவிடக்கூடிய நிலை. கேட்டிருந்த அன்பர்கள் ஒரு வேனில் கிடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். அன்றிரவு முழுதும் எந்திரம் ஓடியது.

விடிந்ததும் கண் விழித்தேன். எப்போதும் எனக்கு ஊசி ஏற்றும் செவிலித் தாய் அருகில் நின்றார். "ஏன் ஐயா வரவில்லை?" என்றார். "பெருமானை நம்பி இருந்துவிட்டேன் அம்மா" என்றேன். அவர் சினக்கவில்லை. ஊசியைச் சரி செய்துகொண்டே, "பெருமான்தான் உங்களை இங்கே அனுப்பி வைக்கின்றார் என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படி நினைக்கவில்லையா?" என்றார்.

ஐம்பதாண்டு படித்ததில் கிட்டாத பாடம் அந்த ஒரு வினாவில் கிட்டியது. அடியேன் அன்று பத்தி என்று எண்ணியது பத்தியன்று. கூட்டத்தின் முன் அமர வேண்டும் என்னும் ஆசைக்குப் பத்தி என்னும் போர்வையைப் போர்த்தியிருந்தேன். பெருமானை நம்பினேன் என்று சொன்னேன். உண்மையில் பெருமானைச் சோதித்தேன். அதற்கு என் இல்லாளின் கண்ணீரையும் பலியிட்டேன். வீடு திரும்பியதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றாள்; அவள் கேட்கவே இதனை மீண்டும் சொல்லுகிறேன்.

இனி, அன்று பாதியில் நின்றுபோன அந்த வரலாற்றுக்கு வருவோம். மருள்நீக்கியார் என்னும் திருநாவுக்கரசு சுவாமிகள் சூலை நோயால் துடித்தபோது, தம் தமக்கையாராகிய திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்தார். தமக்கையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். வீரட்டானேசுவரர் திருமுன் அழைத்துச் சென்றார். பதிகம் பாடினார், சூலை அப்போதே நீங்கியது. இது ஒரு வகை. கேட்டதும் கொடுத்தான்.

சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அவ்வாறு நிகழவில்லை என்பதைக் கவனியுங்கள். சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவைக் கடந்து திருவொற்றியூர் எல்லையை நீங்கியதும் இரு கண்களும் மறைந்தன. உடனே பாடினார், உடனே பார்வை வரவில்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஒரு ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. பின் உடம்பில் ஒரு நோய். திருத்துருத்தித் திருக்குளத்தில் மூழ்கியபின் அது தீர்ந்தது. திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் கிடைத்தது. இறைவன் தம்பிரான் தோழருக்கே தவணை தவணையாகத்தான் கொடுத்தான்! வட தொண்டை நாட்டிலிருந்து சோழ நாடு வரை, கோலூன்றி, வழி கேட்டு, ஊர் ஊராகப் பாடிக்கொண்டே நடந்தார். கோபித்துப் பாடினார், உரிமையோடு கேட்டுப் பாடினார், ஆயின் நடப்பதை நிறுத்தவில்லை. தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இவரைப் போல் வழித்துணை வேறு இல்லை. எங்களுக்கும் ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு ஊன்றுகோல்தான். அதனை ஊன்றிக்கொண்டு அடுத்த ஊர் வரை நடக்கின்றோம்.

'இருவருக்கும் இறுதியில் நோய் தீர்ந்துவிட்டதே! தீராதவர்களுக்கு என்ன சொல்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான வினா. நம் நாட்டிலேயே, நம் தந்தையர் காலத்திலேயே அதற்கு விடை இருக்கின்றது. திருவண்ணாமலை இரமண மகரிஷிகள் சிறு வயதில் மதுரையில் பெரிய புராணம் படித்து உருகியவர். அவருக்கு 1948-ஆம் ஆண்டின் இறுதியில் இடக்கை முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதனை அகற்றினர். மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை. அது சார்க்கோமா என்னும் புற்று எனத் தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தனர். கையையே எடுத்துவிடலாம் என்றபோது அதற்கு மட்டும் அவர் இசையவில்லை. ஆகஸ்டில் மூன்றாம் அறுவை. டிசம்பர் 19-இல் நான்காம் அறுவை. இடையே சித்த மருத்துவர், ஆயுள்வேத மருத்துவர், ஓமியோபதி மருத்துவர் எனப் பலரும் வந்தனர். அன்பால் எவர் எதைக் கொடுத்தாலும் அதற்கு உடன்பட்டார். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு திருமேனி அடங்கியது. அதுவரை, நாடி வந்தவர்களுக்குக் காட்சி தருவதை அவர் நிறுத்த விடவில்லை.

இவருடைய நம்பிக்கையில் குறை இருந்தது என்று எவரேனும் சொல்லத் துணிவரா? நோய் தீர்வதுதான் அருளுக்கு அளவுகோல் என்றால், இவரை எந்த இடத்தில் வைப்பது? ஆகவே தெளிவோம்: நோய் உடனே தீர்ந்த அப்பரும் அருள் பெற்றவரே, படிப்படியாகத் தீர்ந்த சுந்தரரும் அருள் பெற்றவரே, உடம்பளவில் தீராமலே நின்ற இரமணரும் அருள் பெற்றவரே. அருளுக்கு இம்மூன்று வழியும் உண்டு. எவ்வழி எவருக்கு என்பது மருத்துவன் அறிந்தது. நோயாளி அதனை முன்கூட்டி எழுதிக் கொடுத்தல் இயலாது.

அப்படியானால் உடம்பைப் பேணுவது எதற்கு என்று கேட்கலாம். திருமூலர் அதற்கு விடை கூறியிருக்கின்றார்: முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்தவர், அதனுள்ளே பெருமான் குடியிருக்கக் கண்டபின் அதனைப் போற்றிக் காத்தார். இக்கோயிலின் வரலாற்றிலும் அதற்கு ஒரு சான்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் இங்குள்ள விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணை பிறந்தது. பிரிப்பதற்கு முன், சுவரிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்து வைத்தனர். இராசேந்திரன் காலத்தில் அவற்றை மீண்டும் கல்லில் பொறித்தனர். இன்றும் அவ்வெழுத்தைக் காணலாம். கல் மாறியது, எழுதியிருந்தது அழியவில்லை. உடம்பு என்னும் இக்கோயிலும் திருப்பணி கேட்கும். ஒரு பகுதியைப் பிரிப்பார்கள். ஒரு பகுதியைத் தைப்பார்கள். உள்ளே ஐந்தெழுத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்வது நம் கடமை. மற்றதைத் திருப்பணி செய்வோர் பார்த்துக்கொள்வர்.

நோயாளியைச் சுற்றியிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் கோயிலுக்கு வந்தால், பிரசாதம் என்று சொல்லிப் பஞ்சாமிர்தத்தையும் வாழைப்பழத்தையும் இளநீரையும் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவருக்கு நஞ்சாகக்கூடும். தண்ணீர்கூட அவருக்கு அளவுதான். தீர்த்தத்தை ஒரு துளி நாவில் வைத்து, மிகுதியைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். இறைவன் அளவு பார்ப்பவன் அல்லன். அவர் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். தொட்டால் உடுக்கைபோல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கையைப் பற்றி இழுக்காதீர்கள். அதில் இறுக்கிக் காப்புக் கட்டாதீர்கள். காப்பை மற்றக் கையில் கட்டுங்கள். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருதியையும் சிறுநீரையும் சோதித்துப் பாருங்கள். வலி மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் விழுங்காதீர்கள். அடியேன் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டா.

வசதியற்றவர்களும் மனம் தளர வேண்டா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சையும் அடங்கும். நடுவண் அரசு 2016-இல் இதற்கென்றே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம் அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள், அதுவும் திருத்தொண்டே. மேலும், இறந்தபின் உறுப்புகளைக் கொடையளிப்பது சைவர்க்கு ஆகுமா என்று சிலர் கேட்கின்றனர். தமிழ்நாட்டில் 2008 முதல் அதற்கான அமைப்பு முறையாக நடைபெறுகின்றது. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் நமக்கு அந்த ஐயம் எழலாமா? இதில் எவரையும் வற்புறுத்தக் கூடாது. கண்ணப்பரையும் எவரும் வற்புறுத்தவில்லை.

துணையிருப்பவர்களைப் பற்றி ஒரு சொல். அப்பரின் வரலாற்றில் சூலையை நினைக்கின்றோம், பதிகத்தை நினைக்கின்றோம். திலகவதியாரை நினைக்கின்றோமா? மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர் துறக்கத் துணிந்தவர், தம்பி வாழ வேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார். திருவதிகையில் அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்துகொண்டே தம்பிக்காகப் பெருமானிடம் விண்ணப்பித்தார். நள்ளிரவில் நோயோடு வந்த தம்பியை, 'ஏன் போனாய்?' என்று ஒரு சொல்லும் குத்திக் கேட்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் ஒரு திலகவதியார் இருக்கின்றார். பருப்பைத் தனியே வேகவைத்து, உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து வைத்து, விடியற்காலையில் பேருந்து நிறுத்தம் வரை வந்து, இரவில் மூச்சு சீராக வருகின்றதா என்று விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அவரிடம் நலமா என்று எவரும் கேட்பதில்லை. இனியேனும் கேளுங்கள்.

அடுத்த கட்டிலின் இளைஞருக்கு ஒரு நாள் விடை சொன்னேன். "தம்பி, எனக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தபின் எவனைப் பற்றிக்கொள்வது என்று மட்டும் தெரிகின்றது" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "அப்படியானால் எனக்கும் ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுங்கள் ஐயா, நான்கு மணி நேரம் சும்மாதானே கிடக்கின்றேன்" என்றார். சுந்தரர் இப்பெருமான் மீது பாடிய பதிகத்தை வாரத்திற்கு ஒரு பாடலாகச் சொல்லிக் கொடுத்தேன். முந்திரித் தோப்புப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். ஆசிரியை பிழை திருத்தினார். பதிகம் முடியும் முன்னரே பெரியவர் சிவனடி சேர்ந்துவிட்டார். அன்று அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது. இளைஞர் அதனைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து பாடலைத் தொடங்கினார். நாங்கள் உடன் பாடினோம்.

அவர் இன்று இந்தத் திருமணத்தைக் காண வர விரும்பினார். அவருக்கு இன்று சிகிச்சை நாள். 'போய் வாருங்கள் தம்பி. அங்கே இருப்பவனும் இவனே' என்று சொல்லி அனுப்பினேன். அவருக்காகவும், அந்தப் பெரியவருக்காகவும், இந்நேரம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் எங்கெங்கோ கட்டில்களில் கிடக்கும் அனைவருக்காகவும், அவர்களுக்கு ஊசி ஏற்றும் கைகளுக்காகவும், அருகில் விழித்திருக்கும் கண்களுக்காகவும், மாலை மாற்றும் வேளையில் ஒரு முறை நந்தியெம்பெருமானிடம் விண்ணப்பம் செய்யுங்கள். ஆயுள் குறைவு என்று சொல்லக் கேட்ட பிள்ளை அவர். அவருக்கு அந்த வலி தெரியும்.

அடியேனுக்கு இறைவன் இன்னும் எத்தனை பங்குனி அளந்திருக்கின்றான் என்பது தெரியாது. இந்தப் பங்குனியைக் கொடுத்தான். நாளைக் காலைப் பேருந்துக்கு நேரமாகுமுன் திருமணத்தைக் கண்ணாரக் கண்டு செல்வோம்.

சிவாயநம. திருச்சிற்றம்பலம்.